கடை கைமாறினால் தட்டில் என்ன மாறும்?

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் உங்கள் ஊர்க் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் புதிய மதுபானசாலை ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. ஒருவர் எழும்பி, "பெமிட்டைத் தனியாருக்குக் குடுக்கிறபடியால்தான் இந்த நிலைமை. தமிழ்நாட்டில மாதிரி அரசாங்கமே கடையை நடத்தினால் எல்லாம் கட்டுக்குள்ள நிக்கும்" என்றிருக்கிறார். கனடாவிலிருந்து வந்து நின்ற உங்கள் சித்தப்பா, "ஒன்ராறியோவில அரசாங்கம் பிடியை விட்ட பிறகுதான் சனத்துக்கு வசதி வந்தது" என்று மறுத்திருக்கிறார். அரசு நடத்தும் மது விற்பனையைத் தனியாரிடம் விட்டால் பியரும் சாராயமும் கிடைக்கும் விதம் எப்படி மாறும், வன்னியில் இருக்கிற நாங்கள் அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் 20 வருடத்துக்கு மேல் கணக்கு எழுதியவன் நான். காலையில் தவறணை என்ற கள்ளுக்கடை வாசலுக்குக் கள் முட்டி வந்து இறங்குவதிலிருந்து, மாலையில் விற்காத கள் நிலத்தில் ஊற்றப்படுவது வரை பேரேட்டில் பதிந்த கை இது. அதனால் இந்த விசயத்தில் எனக்கு அக்கறை உண்டு, பக்கச்சார்பும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், அரசு கையை எடுத்தால் கடைவாசல்கள் கூடும். திறந்திருக்கும் நேரமும் கூடும். விலை குறையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வகை கூடுமா குறையுமா என்பது மொத்த விற்பனை யார் கையில் இருக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது. பியருக்கு நடப்பது சாராயத்துக்கு நடக்காது. இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

தனியார்மயம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரு போத்தல் எங்கள் கைக்கு வர மூன்று இடம் தாண்ட வேண்டும். வடிக்கிற இடம், மொத்தமாக வாங்கிப் பிரிக்கிற இடம், சில்லறையாக விற்கிற கடை. அரசு இந்த மூன்றில் எதை விட்டது என்று கேட்காமல் எந்த நாட்டு அனுபவத்தையும் உதாரணம் காட்டக்கூடாது. உங்கள் கூட்டத்தில் பேசிய இரண்டு பேருமே இதைக் கேட்கவில்லை.

எங்கள் நாட்டையே எடுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. இன்றைக்கும் அனுமதிப்பத்திரம் எல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ்தான். சாராயம் வடிப்பது 1974இல் அரச கூட்டுத்தாபனம் ஒன்றின் கைக்கு வந்தது. 1989இல் அந்தக் கூட்டுத்தாபனம் கொம்பனியாக்கப்பட்டு, 1992இல் தனியாருக்கு விற்கப்பட்டது. இன்று நாங்கள் டி.சி.எஸ்.எல். என்று சொல்லும் கொம்பனி அதுதான். ஆக, இலங்கையில் அரசு விட்டது வடிசாலையை. சில்லறைக் கடை அதற்கு முந்தியும் பெரும்பாலும் தனியாரிடம்தான் இருந்தது, பிந்தியும் பெரும்பாலும் தனியாரிடம்தான் இருக்கிறது. "தனியாருக்குக் கொடுத்தபடியால் கெட்டுப்போச்சு" என்று சொல்வதற்கு, அரசு கடை நடத்திய ஒரு காலம் எங்களுக்கு இருந்திருக்க வேண்டுமே. இருக்கவில்லை.

அந்த 1992இல் வன்னியில் இருந்த எவருக்கும் இந்த விற்பனை ஒரு செய்தியாகவே வந்திருக்காது. பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் சீமெந்துக்கும் அலைந்த காலம். தெற்கில் வடிசாலை யார் பெயரில் இருந்தாலும் எங்களுக்குக் கிட்ட இருந்தது பனையும் தென்னையும்தான். திரைமறைவில் கசிப்பு என்ற கள்ளச்சாராயமும் இருந்தது. தமிழீழக் காவல்துறை அதைத் தேடிப் பிடித்ததை அந்த வயதுச் சனம் மறந்திருக்காது.

சரி, அரசு கடையையே நடத்திவிட்டுப் பிறகு விட்ட இடங்களைப் பார்ப்போம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் இதற்கு நல்ல பாடம். 1930களில் மதுவிலக்கு நீங்கியதிலிருந்து வடிசாராய வகை முழுவதையும் அரசுக் கடைதான் விற்றது. பியரும் வைனும் மட்டும் பலசரக்குக் கடைகளில் இருந்தன. 2011 நவம்பரில் மக்கள் வாக்களிப்பில் இது மாறியது. கொஸ்ற்கோ என்ற பெருங்கடை இந்தப் பிரசாரத்துக்கு 2 கோடி டொலருக்கு மேல் செலவழித்தது. 2012 ஜூன் 1இலிருந்து தனியார் விற்பனை தொடங்கியது. அரசுக் கடையும் ஒப்பந்தக் கடையுமாக 330 அளவில் இருந்த இடத்தில், கொஞ்சக் காலத்திலேயே 1,400க்கு மேல் கடை வந்தது. சனத்துக்கு வசதி என்று பார்த்தால், ஆம், வந்தது.

ஆனால் விலை ஏறியது. அரசு வருமானத்தை இழக்க விரும்பாதபடியால், மொத்த வியாபாரியிடம் விற்பனையில் 10 வீதமும் சில்லறைக் கடையிடம் 17 வீதமும் கட்டணம் அறவிடச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். ஏற்கெனவே இருந்த வரி அப்படியே நின்றது. தட்டில் ஒட்டியிருந்த விலை குறைவாகத் தெரிந்தது. காசு கட்டுகிற இடத்தில் வரியெல்லாம் சேர்ந்து வந்தபோது சனம் திகைத்தது. எல்லையோரத்தில் இருந்தவர்கள் பக்கத்து ஒறிகனுக்கும் ஐடஹோவுக்கும் போய் வாங்கினார்கள். அந்த இரண்டிலும் அப்போதும் அரசின் பிடிதான் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் நடந்தது. புதிதாகச் சாராயம் விற்க விரும்பும் கடை குறைந்தது 10,000 சதுர அடி இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். மூலைக்கு மூலை சின்னக் கடை முளைக்கக்கூடாது என்பது காரணம். அதன் விளைவாகப் பெரிய சந்தைகளுக்கு வழி திறந்தது. பழைய அரசுக் கடைகளின் உரிமையை ஏலத்தில் எடுத்த சின்ன முதலாளிகளில் பலர் அந்தப் பெருங்கடைகளோடு போட்டிபோட முடியாமல் மூடினார்கள். வகையும் அப்படித்தான். பெருங்கடை வேகமாக விற்கிறதைத்தான் தட்டில் வைக்கும். வருடத்தில் 4 போத்தல் விற்கிற ஒரு அரிய விஸ்கியை அது வைத்திருக்காது. வாசல் நாலு மடங்கு கூடியும், வித்தியாசமாகக் குடிக்க விரும்பியவருக்கு முந்திக் கிடைத்தது சில இடங்களில் கிடைக்காமல் போனது. பியரில் அனேகமாக ஒன்றும் மாறவில்லை, அது முன்பே தனியார் கடையில் இருந்தபடியால்.

கனடாவின் அல்பேர்ட்டா மாகாணம் 1993, 94இல் வேறு விதமாகச் செய்தது. 200 அளவில் இருந்த அரசுக் கடைகளை மூடி, சில்லறையை முழுக்கத் தனியாருக்கு விட்டது. மொத்த விற்பனையை மட்டும் தன் பிடியில் வைத்தது. களஞ்சியத்தை ஒரு கொம்பனி நடத்தும், விலை எல்லாக் கடைக்கும் ஒன்று. பெரிய கடை 1,000 பெட்டி எடுத்தாலும் சின்னக் கடை 5 பெட்டி எடுத்தாலும் போத்தலுக்கு அதே விலை. பலசரக்குக் கடைக்குள்ளேயே மது விற்கவும் விடவில்லை, தனிக் கடை வேண்டும். அங்கே சின்னக் கடைகள் பிழைத்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் வந்தன, பட்டியலில் இருந்த வகைகளும் பல மடங்கு பெருகின. ஒரு கடையில் எல்லாம் இருக்காது. ஆனால் கேட்டால் எடுத்துத் தரலாம். இரண்டு இடத்திலும் தனியார்மயம்தான். மொத்த விலையில் சின்னவனுக்கும் பெரியவனுக்கும் ஒரே நியாயம் இருந்ததா என்பதில்தான் பெரிய வேறுபாடு.

உங்கள் சித்தப்பா சொன்ன ஒன்ராறியோவில் அரசு பிடியை முழுதாக விடவில்லை. 2024 செப்ரெம்பர் 5இலிருந்து சந்திக் கடைகளில் பியரும் வைனும் விற்க விட்டார்கள். விஸ்கி, றம் போன்றவை அந்தக் கடைகளுக்கு வரவில்லை, எல்.சி.பி.ஓ. என்ற அரசு நிறுவனத்தின் வழிதான் இன்னும். சந்திக் கடைக்காரரும் சரக்கை அதே நிறுவனத்தின் ஊடாகத்தான் எடுக்க வேண்டும். அதே வருடம் ஜூலையில் எல்.சி.பி.ஓ. ஊழியர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது பியர் வேறு கடைகளில் கிடைத்துக்கொண்டிருந்தது. வடிசாராய வகைக்குத்தான் கதவு அடைத்தது. ஒரே கதவு வைத்திருப்பதன் ஆபத்து அது.

இந்தியாவில் இரண்டு இடம் இரண்டு திசையில் போய்த் திரும்பியது. டில்லியில் 2021 நவம்பரில் அரசு சில்லறையை விட்டு வெளியேறியது. நகரத்தை 32 வலயமாகப் பிரித்து 849 கடைக்குத் திட்டம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அளவுக்குக் கழிவு கொடுத்து விற்றார்கள், கடை வாசலில் தள்ளுமுள்ளு. கட்டணம் கட்ட முடியாதவர்கள் மூடினார்கள். 2022 செப்ரெம்பர் 1இல் பழையபடி அரசுக் கூட்டுத்தாபனங்களிடமே கடைகள் திரும்பின. பிறகு வந்த பெரிய முறைப்பாடு, பேர்பெற்ற வகைகள் கடையில் இல்லை என்பது. ஆந்திராவில் 2019 ஒக்ரோபரில் அரசு கடைகளைத் தன் கைக்கு எடுத்தது. கடைகளைக் குறைத்தது, விலையை ஏற்றியது. சனம் கேட்டறிந்த வகைகள் காணாமல் போய், ஒருவரும் அறியாத பெயர்கள் தட்டில் வந்தன. 2024 ஒக்ரோபரில் திரும்பவும் தனியார். 3,396 கடைக்குக் குலுக்கல், கிட்டத்தட்ட 90,000 விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் திருப்பித் தராத கட்டணம் 2 லட்சம் ரூபா. கடை திறக்க முந்தியே அரசுக்கு 1,700 கோடிக்கு மேல் வந்துவிட்டது.

தமிழ்நாட்டை உங்கள் ஊரவர் உதாரணம் காட்டியிருக்கிறார். அங்கே டாஸ்மாக் என்ற அரசு நிறுவனம் 1983இல் மொத்த விற்பனைக்குத் தொடங்கியது, 2003 கடைசியில் சில்லறையையும் எடுத்தது. அரசே கடை நடத்தினால் கட்டுப்பாடு வரும் என்பவர், ஆயிரக்கணக்கான கடைகளை நடத்துகிற ஒரு அரசு தன் வரவுசெலவுக்கு அந்தக் காசில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். காவல்காரனும் கடைக்காரனும் ஒருவனாக இருந்தால் யார் யாரைக் கேட்பது? அதைவிட எனக்கு நெஞ்சில் தைக்கிற விசயம் ஒன்று உண்டு. அந்த மாநிலத்தில் 1987இலிருந்து கள் இறக்குவது தடை. பனையைத் தன் மாநில மரமாகக் கொண்டாடுகிற இடத்தில், ஆலையில் செய்த பிராந்தியை அரசு விற்கலாம், மரத்தில் ஏறுகிறவன் கள்ளை விற்கக்கூடாது. அரசு கடை நடத்தினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காமல் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி பியரும் சாராயமும் ஏன் வேறு வேறு விதமாக நடக்கின்றன என்பது. இது வெறும் கணக்கு. 750 மில்லிலீற்றர் சாராயப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தூய மதுசாரம், அதாவது ஏறத்தாழ 250 மில்லிலீற்றர். 500 மில்லிலீற்றர் ஸ்ட்ரோங் பியர் டின் ஒன்றில், 8.8 வீதம் என்றால், 44 மில்லிலீற்றர். ஒரு போத்தலுக்கு ஈடாக 6 டின் வேண்டும். 12 போத்தல் கொண்ட ஒரு சாராயப் பெட்டி 3 லீற்றர் மதுசாரத்தைக் காவுகிறது. 24 டின் கொண்ட பியர்ப் பெட்டி 1 லீற்றரைத்தான் காவுகிறது. மிச்சம் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொழும்புப் பக்கத்திலிருந்து ஏ9 வழியாக 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுவர வேண்டும். வந்தபின் குளிர்சாதனப் பெட்டி வேண்டும், மின்கட்டணம் வேண்டும். கனகாலம் வைத்திருக்கவும் ஏலாது. சாராயப் போத்தலோ தட்டில் இரண்டு வருடம் தூசி பிடித்து நின்றாலும் ஒன்றும் ஆகாது.

ஆகவே ஓட்டம் உள்ள கடைக்குத்தான் பியர் கட்டும். போட்டி இல்லாத கடைக்குப் பியரில் மினக்கெடத் தேவையில்லை. தனியார் கடை நாலு பக்கத்தில் நாலு வந்தவுடன் குளிர்ந்த பியர்தான் போட்டிக்கான ஆயுதமாகிறது. அரசு விலகிய இடங்களில் பியரின் நிலை மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். தூரக் கிராமத்துக்கு முதலில் போவது சாராயம், சந்தைக்குப் பக்கத்தில் பெருகுவது பியர்.

எங்கள் பக்கக் கடைகளில் நின்று பாருங்கள். குளிர்ப் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் ஸ்ட்ரோங் டின்கள் வரிசை வரிசையாக நிற்கும். சாதாரண லாகர் ஒரு மூலையில். மெல்லிய பியரை வாங்குகிறவன் குறைவு, காசுக்கு ஏறவேண்டும் என்பதுதான் கணக்கு. பின்தட்டில் மதுவரி முத்திரை ஒட்டிய கால் போத்தல்கள், 180 மில்லிலீற்றர், நெருக்கி அடுக்கியிருக்கும். முழுப் போத்தல் மேல்தட்டில். 2022, 23இல் வரி ஏறிய பிறகு ஒரு முழுப் போத்தல் 3,000 ரூபாவைத் தாண்டிவிட்டது. வயலில் ஒரு நாள் முழுக்கக் குனிந்து நின்றவனின் கூலி அதற்கே போய்விடும். அதனால் அவன் கால் போத்தலை வாங்குகிறான். கடையில் எது தட்டில் இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது முதலாளியின் விருப்பத்தைவிடத் திறைசேரியின் வரிதான். கடை அரசுடையதாக இருந்தாலும் இதே கால் போத்தல்தான் முன்னுக்கு நிற்கும்.

உற்பத்தி ஒன்று இரண்டு கையில் இருந்தால் கடை எத்தனை இருந்தும் பிரயோசனமில்லை என்பதற்கு 2016 மே மாத வெள்ளம் சாட்சி. பியகமவில் இருந்த லயன் பியர் ஆலை நீரில் மூழ்கி மாதக் கணக்கில் நின்றது. நாடு முழுக்கப் பியர் தட்டுப்பாடு. கடையை யார் நடத்தினாலும் விற்கச் சரக்கு இல்லை. வெளிநாட்டிலிருந்து இறக்கித்தான் சமாளித்தார்கள்.

இப்போது வன்னியின் உண்மையான கேள்விக்கு வருகிறேன். இங்கே ஏற்கெனவே தனியார் விற்பனை. ஆனால் சந்தை திறந்ததா என்றால் இல்லை. உள்ளே போகிற வாசல் பெமிட், அதாவது அரசு கொடுக்கும் அனுமதிப்பத்திரம். 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட பட்டியலின்படி அந்த ஒரு வருடத்தில் நாடு முழுக்க 361 மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டிருந்தன. கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் 16. யாழ்ப்பாணத்துக்கு 5. சனத்தொகையில் யாழ்ப்பாணம் எங்களைவிடப் பல மடங்கு பெரிது. போர் முடிந்து மீளக் குடியேறி, வீட்டுத் திட்டத்துக்கும் நுண்கடனுக்கும் நடுவில் மூச்சுவிடுகிற ஒரு மாவட்டத்துக்கு 16 என்ற எண் எப்படி வந்தது என்று கேட்பதில் பிழையே இல்லை. அரசியல்வாதிகளின் சிபாரிசு பற்றிய பேச்சு அந்தத் தேர்தல் காலம் முழுக்க ஓடியது உங்களுக்கும் தெரியும்.

நான் சொல்ல வருவது இதுதான். அல்பேர்ட்டாவில் தனியார் கடை என்றால் யாரும் விதியை நிறைவேற்றி விண்ணப்பித்துத் திறக்கலாம். எங்கள் முறை தனியார் என்ற பெயரில் இருந்தாலும், உள்ளே பழைய சாராயக் குத்தகையின் சாயல்தான். உரிமை அரிதாக இருக்கும்வரை அந்தக் காகிதத்துக்கு விலை இருக்கும். கடை நடத்தாதவனும் அதை எடுத்து வாடகைக்கு விடுவான். கொடுத்த விலையை எடுக்க வேண்டியவன், ஆகலும் வேகமாக ஓடுகிற இரண்டு மூன்று வகையைத்தான் வைப்பான். கடைகள் கூடியும் கிளிநொச்சியில் வகை கூடாததன் காரணம் அதில் இருக்கிறது. கிளிநொச்சி நகரத்திலும் ஏ9 ஓரத்திலும் கடை நெருங்கி நிற்க, உள்ளே துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமத்தவன் பஸ் ஏறித்தான் போக வேண்டும். அந்தத் தூரத்தை நிரப்புகிறவன் வேறொருவன். மதுக்கடைகள் பூட்டுகிற போயா என்ற பௌர்ணமி நாளுக்கு முதல்நாள் பெட்டியாக எடுத்து வீட்டில் வைத்து, அடுத்தநாள் போத்தலுக்கு மேலதிகம் வைத்து விற்கிறவன். எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர் அப்படி விற்றார். இரவு 11 மணிக்கும் படலையைத் தட்டுகிற சத்தம் கேட்கும். வாங்க வருகிறவனின் வயதை அவர் கேட்கமாட்டார், 21 வயது என்ற சட்டமும் அங்கே இல்லை.

அதுவும் கட்டாதவனுக்குக் கசிப்பு. சீனியும் ஈஸ்ட்டும் போட்டு ஊறவைத்த கோடாப் பரல்கள் தருமபுரம், விசுவமடுப் பக்கத்துப் பற்றைகளுக்குள் பிடிபடுகிற செய்தி இப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2020 ஊரடங்கில் கடைகள் பூட்டியபோது அது எப்படிப் பெருகியது என்று கண்ணால் கண்டோம். அதே வருடம் ஆந்திராவில் கடை பூட்டியும் விலை ஏறியும் இருந்த நேரம், ஒரே ஊரில் 10 பேருக்கு மேல் கிருமிநீக்கிக் கைகழுவும் திரவத்தைக் குடித்துச் செத்தார்கள். கடையைக் குறைத்தால் குடி குறையும் என்பது ஓரளவு உண்மை. விலையையும் ஏற்றி, கடையையும் தூரமாக்கி, கசிப்புக்காரனைக் கவனிக்காமல் விட்டால் அந்த உண்மை தலைகீழாகும்.

கள்ளின் கதையைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. 1972க்குப் பிறகு வடக்கில் கள் விற்பனை சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வந்தது. அரசும் இல்லை, தனி முதலாளியும் இல்லை, மரமேறுகிறவனே பங்காளி. உங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் இந்த மூன்றாவது வழி ஞாபகம் வராதது எனக்குக் கவலை. காலையில் 7 மணிக்கு முன்னம் சைக்கிளில் முட்டி வரும். அளந்து பதிவோம். நுரை அடங்கமுதல் அளந்தால் தொழிலாளிக்கு இலாபம், அடங்கியபின் அளந்தால் சங்கத்துக்கு இலாபம். அதில் எத்தனை வாய்த்தர்க்கம்! பனையோலைப் பிளாவில் குடித்துவிட்டு வேலைக்குப் போகிற வயதாளிகள் இருந்தார்கள். மத்தியானம் தாண்டினால் புளிக்கும், மாலையில் யாரும் வாங்கார்கள். இயற்கையே அதற்கு நேரக் கட்டுப்பாடு வைத்திருந்தது.

நான் வேலை செய்த தவறணைக்குக் கொஞ்சத் தூரத்தில் பியர் விற்கும் இடம் ஒன்று திறந்தது. முதல் மாதமே பேரேட்டில் தெரிந்தது. 60 லீற்றர் போன இடத்தில் 40. பொடியன்கள் முதலில் போனார்கள், பிறகு நடுவயதுக்காரர். அடுத்த வருடம் எங்களிடம் கள் கொடுத்த 11 பேரில் 4 பேர் மரத்தை விட்டு மேசன் வேலைக்குப் போனார்கள். மரமேறக் காலில் மாட்டும் தளைநாரைக் கழற்றி ஒருமுறை கொழுவிவிட்டவன் திரும்ப ஏறுவது அரிது. மகனையும் ஏறவிடமாட்டான். குளிர்ந்த டின் வந்தது வசதிதான், ஆனால் அந்த மாவட்டத்திலேயே உற்பத்தியாகி அந்த மாவட்டத்திலேயே காசு தங்குகிற ஒரு பானம் கிடைக்காமல் போனது. எது கிடைக்கிறது என்ற கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும். டின்னுக்குக் கொடுக்கிற காசு அன்றைக்கே ஏ9 ஏறித் தெற்கே போகிறது.

அப்படியென்றால் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். அரசே கடையை நடத்தட்டும் என்ற யோசனையை நான் ஆதரிக்கவில்லை. மதுவரித் திணைக்களத்துக்கு ஒவ்வொரு வருடமும் வருமான இலக்குக் கொடுக்கிற ஒரு அரசுக்குக் கடையையும் கையில் கொடுத்தால், கிளிநொச்சியில் ஒரு கடையை மூடச் சொல்லி நீங்கள் மகஜர் கொடுக்கப் போகும் இடமும் அதே கடைக்காரனிடம்தான். பெமிட்டைக் கட்டுப்பாடில்லாமல் திறந்துவிடுவதும் எங்களுக்குச் சரிவராது. வாஷிங்டன்காரனுக்கு நாலு மடங்கு கடை வந்தால் அவனுக்கு வசதி. எங்கள் ஊரில் கணவனின் கூலிக்காசு வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு கடை கூடினால் அதன் பொருள் வேறு. அதை உங்கள் ஊர் மாதர் சங்கத்திடம் கேளுங்கள். அவர்கள்தான் கணக்கைச் சரியாகச் சொல்வார்கள்.

நான் கேட்பது மூன்று. அனுமதி கொடுக்கமுதல் அந்தக் கிராமத்தின் சம்மதம் எழுத்தில் எடுக்கப்பட வேண்டும். பெமிட் யார் பெயரில் இருக்கிறது, யார் நடத்துகிறார் என்பது பிரதேச செயலகப் பலகையில் பகிரங்கமாகத் தொங்க வேண்டும், வாடகைக்கு விட்டால் இரத்து. மூன்றாவது, எனக்கு ஆகலும் முக்கியமானது, கூட்டுறவுக் கள்ளையும் போத்தலில் அடைத்த கள்ளையும் ஸ்ட்ரோங் பியரோடு ஒரே தராசில் வைத்து வரியும் விதியும் போடக்கூடாது. மெல்லிய பானத்துக்கு மெல்லிய வரி என்றால், குடிக்கிறவன் எதை எடுக்கிறான் என்பதும் மெதுவாக மாறும். கடை யாருடையது என்ற வாதத்தில் மட்டும் நின்றால் இந்த மூன்றும் பேசப்படாமல் போய்விடும்.

உங்கள் கூட்டத்தில் பேச்சு வந்த அந்தப் புதிய கடைக்கு அனுமதி இன்னும் கிடைக்கவில்லை என்றால், ஆட்சேபத்தை வாய்ப்பேச்சில் விடாமல் பிரதேச செயலாளருக்கும் மதுவரித் திணைக்களத்துக்கும் கடிதமாகக் கொடுங்கள். பக்கத்துப் பாடசாலை, கோயில் இவற்றுக்கான தூரத்தை அளந்து எழுதுங்கள். கிராம அலுவலரின் ஒப்பத்தையும் எடுங்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று சொன்னால் நானும் வருகிறேன். அந்தப் பியர்க் கடை திறந்த வருடத்துப் பேரேட்டின் பிரதி என்னிடம் இருக்கிறது, கொண்டுவந்து காட்டுகிறேன்.